சான்சிபார் சூசையப்பர் பேராலயத்துக்கு டிக்கெட் கிடையாது

தூத்துக்குடியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: மகன் தான்சானியாவின் சான்சிபார் தீவில் உள்ள சென்னை ஐஐடி வளாகத்தில் படிக்கிறான், கணவரோடு அவனைப் பார்க்கப் போகிறோம், அங்கிருக்கும் கத்தோலிக்கப் பேராலயத்தில் ஞாயிறு பூசை காண ஆசை, அதற்கு அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் கட்டாயம், ஆளுக்கு 60 டாலர் என்று ஒரு பயண முகவர் சொல்கிறார், கட்டலாமா?

கட்டாதீர்கள். பூசை காண்பதற்கு அப்படி ஒரு சீட்டே இல்லை, வழிகாட்டியும் வேண்டாம். கோயில் திறந்திருந்தால் உள்ளே போய் உட்காரலாம், அவ்வளவுதான். அந்த ஊர் மொழியான சுவாஹிலியில் பூசை நடந்தாலும் எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

1893-க்கும் 1898-க்கும் இடையில் பிரெஞ்சு மிஷனரிகள் கட்டிய கோயில் அது. இரண்டு கோபுரங்களும் கடலில் கப்பலில் வரும்போதே தெரியும், ஆனால் ஸ்டோன் டவுன் என்கிற பழைய நகரத்துச் சந்துக்குள் நுழைந்துவிட்டால் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டே தேடுவீர்கள். பூசை இல்லாத நேரத்தில் முன்வாசல் பெரும்பாலும் பூட்டியிருக்கும். பின்பக்கம் கிசெங்கா தெரு வழியாக, கன்னியர் மடத்து முற்றத்தைக் கடந்து போகும் வழி ஒன்று உண்டு, அதுவும் திறந்திருந்தால்தான். பூசை நேரத்துக்கு இணையத்தை நம்ப வேண்டாம். மகன் அங்கேதானே இருக்கிறான், சனிக்கிழமை ஒரு நடை போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள்.

இந்தப் பூட்டிய வாசல்தான் தரகர்களுக்குப் பிழைப்பு. சான்சிபாரில் அவர்களைப் ‘பபாசி’ என்பார்கள், சுவாஹிலியில் உண்ணி என்று அர்த்தம், ஒட்டினால் விடாது. “கோயில் இன்று மூடிவிட்டார்கள், வாருங்கள், வேறு வழி காட்டுகிறேன்” என்று ஆரம்பிப்பார்கள். ‘ஹபானா, அசாந்தே’ (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடங்கள். நின்று விளக்கம் சொன்னீர்கள் என்றால் அரை மணி நேரம் போய்விடும்.

இன்னொன்று, ஊரில் இரண்டு பேராலயங்கள் இருக்கின்றன, குழப்பமே அதனால்தான். முதல் முறை நான் போனபோது தங்கிய இடத்தில் ஏற்பாடு செய்த வழிகாட்டியிடம் ‘கத்தீட்ரல்’ என்று மட்டும் சொன்னேன், நேராக முகுனசினியில் இருக்கும் ஆங்கிலிக்கன் கிறிஸ்து பேராலயத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே நுழைவுக் கட்டணம் உண்டு. உங்கள் முகவர் சொல்லும் ‘அனுமதிச் சீட்டு’ இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கும் 60 டாலர் ஆகாது. ‘சூசையப்பர் கோயில், ரோமன் கத்தோலிக்’ என்று முழுசாகச் சொல்லுங்கள்.

வழிகாட்டி வேண்டாம் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு விலக்கு இந்த ஆங்கிலிக்கன் பேராலயம். இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், பலர் காசு மிச்சம் என்று தனியாகச் சுற்றிவிட்டு ‘பழைய கோயில், பார்த்தாச்சு’ என்று திரும்பிவிடுகிறார்கள். அது அடிமைச் சந்தை இருந்த இடம். 1873-ல் சந்தை மூடப்பட்டது, அதே ஆண்டில் பிஷப் எட்வர்ட் ஸ்டீர் அங்கே கோயில் கட்டத் தொடங்கினார். மனிதர்களைக் கட்டி வைத்துச் சவுக்கால் அடித்த மரம் நின்ற இடத்தில்தான் பலிபீடம் இருக்கிறது என்று காட்டுவார்கள். வெளியே ஒரு பள்ளத்துக்குள் கழுத்தில் சங்கிலியோடு ஐந்து மனித உருவங்கள், 1998-ல் சிற்பி கிளாரா சோர்னாஸ் செய்தவை. சங்கிலி மட்டும் அந்தக் காலத்து நிஜச் சங்கிலி. இதையெல்லாம் யாராவது பக்கத்தில் நின்று சொன்னால்தான் புரியும். டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே வழிகாட்டி கேளுங்கள், தெருவில் பிடித்துக்கொண்டு வரும் ஆள் வேண்டாம், தொகையை முன்பே பேசிக்கொள்ளுங்கள், கண்காட்சி அறைகளை விட்டுவிடாதீர்கள், ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

சூசையப்பர் கோயிலிலிருந்து சில நிமிட நடையில் பழைய கோட்டை. போர்ச்சுக்கீசியரை விரட்டிவிட்டு ஓமானியர் கட்டியது, உள்ளே போர்ச்சுக்கீசியக் கோயிலின் மிச்சம் இருக்கிறது. உங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே போர்ச்சுக்கீசியர்தான். பக்கத்தில் 1883-ல் சுல்தான் பர்காஷ் கட்டிய அதிசய மாளிகை. 2020 டிசம்பரில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, வெளியே நின்று பாருங்கள் போதும். எதிரே ஃபோரோதானி பூங்கா, சாயங்காலம் சாப்பாட்டுக் கடைகள் வரும். விலை கேட்காமல் தட்டை நீட்ட வேண்டாம்.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர், தோளும் முழங்காலும் மூடிய உடை நல்லது. சேலை, சுடிதார் என்றால் பிரச்சினையே இல்லை.

நீங்கள் நிஜமாகக் கட்ட வேண்டிய பணம் வேறு. இந்தியர்களுக்குச் சாதாரணச் சுற்றுலா விசா 50 டாலர். அதற்கு மேல் 2024 அக்டோபரிலிருந்து சான்சிபார் அரசின் காப்பீடு 44 டாலர். சென்னையில் ஏற்கெனவே பயணக் காப்பீடு எடுத்திருந்தாலும் இதையும் எடுத்தே ஆக வேண்டும். ஒரே ஆளுக்கு எதற்கு இரண்டு காப்பீடு என்று எத்தனை பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள், எனக்கே நியாயமாகப் படவில்லை, ஆனால் மறுத்துப் பயனில்லை. விசா, சான்சிபார் காப்பீடு இரண்டுக்கும் அரசுத் தளம் மாதிரியே போலித் தளங்கள் திரிகின்றன, தள முகவரி ‘ஜி-ஓ புள்ளி டி-இசட்’ (go.tz) என்று முடிகிறதா என்று பார்த்துக் கட்டுங்கள். முகவரிடம் ஏற்கெனவே பாஸ்போர்ட் நகல் கொடுத்திருந்தால், விசாவுக்கு அவர் விண்ணப்பிக்க வேண்டாம் என்று இன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள், மகனே உங்களுக்காக உட்கார்ந்து நிரப்பட்டும்.