நிற்கப் பழகுதல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 15 வயது. கால்பந்தில் நடுக்களத்தில் ஆடிக்கொண்டிருந்தவளை இந்த ஆண்டு பயிற்சியாளர் ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் எதிரணியைத் தடுப்பவளாக, பின்னால் இறக்கிவிட்டார். கோல் அடிப்பவர்களைத்தானே தேர்வாளர்கள் பார்க்கிறார்கள்? உயரமும் அவளுக்குக் குறைவு. கடைசி இரண்டு ஆட்டங்களில் எதிரணிப் பெண்கள் அவளைச் சுலபமாகத் தாண்டிப் போனார்கள். கோட்டுக்கு வெளியே நின்று “போ, விடாதே, காலை வை” என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. மறுபடி முன்னால் ஆடவிடச் சொல்லிக் கேட்கலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

தேர்வாளர் கவலை வேண்டாம். 2020-இல் உலகின் சிறந்த வீராங்கனைக்கான ஃபிஃபா விருது இங்கிலாந்தின் லூசி ப்ரோன்ஸுக்குக் கிடைத்தது. அவர் ரைட் பேக், வலப்பக்கத் தடுப்பாட்டக்காரி. உயரத்தைப் பற்றியும் இப்போது பேச்சு வேண்டாம்.

நான் பதில் எழுத உட்கார்ந்ததே உங்கள் கத்தலால்தான். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது. “போ, காலை வை” என்பது ஒரு இளம் தடுப்பாட்டக்காரிக்குத் தரக்கூடிய மிக மோசமான அறிவுரை. அவளைத் தாண்டிப் போகிறார்கள் என்கிறீர்களே, நீங்கள் சொன்னபடி அவள் பாய்வதால்தான் போகிறார்கள். முழு வேகத்தில் வருகிறவளைத் தாண்டப் பந்தை ஒருமுறை பக்கவாட்டில் தட்டினால் போதும்.

அந்த இடத்துக்கு ஸ்டாப்பர் என்று பெயர். முதலில் தன்னை நிறுத்தத் தெரிய வேண்டும். பந்து வைத்திருப்பவளை நோக்கி வேகமாக ஓடலாம், ஆனால் கடைசி நான்கைந்து அடிகள் குட்டையாக வேண்டும். இடுப்பு தாழ வேண்டும், முழங்கால் மடிய வேண்டும், எடை முன்பாதத்தில் இருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நின்று, ஒரு காலை முன்வைத்து, உடலைச் சாய்கோணத்தில் திருப்பி, அவளைக் கோட்டோரம் ஒதுக்க வேண்டும். இரண்டு பாதமும் இணையாக இருந்தால் பந்து கால்களுக்கு நடுவே போய்விடும். கண் பந்தின் மேல் இருக்கட்டும். எதிராளியின் தோளும் இடுப்பும் ஏமாற்றும். பந்து அவள் காலைவிட்டுக் கொஞ்சம் அதிகமாக விலகும் அந்த ஒரு தட்டலில்தான் காலை வைக்க வேண்டும். அதுவரை பின்வாங்கிக்கொண்டே இருப்பது கோழைத்தனம் அல்ல. அதற்குள் உதவிக்கு இன்னொருத்தி வந்துவிடுவாள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் ஜவ்வு பல நேரம் யாரும் மோதாமலேயே கிழிகிறது. ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது, திரும்பும்போது, தலையால் முட்டிவிட்டு ஒற்றைக்காலில் இறங்கும்போது. கால் விறைப்பாக நீண்டு, முழங்கால் உள்பக்கம் சரிந்தால் ஆபத்து. பெண்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிடக் கணிசமாக அதிகம். இங்கிலாந்து அணித்தலைவி லியா வில்லியம்சன் 2023 ஏப்ரலில் இப்படி விழுந்து, அந்த ஆண்டின் உலகக் கோப்பையையே இழந்தார். அறுவை சிகிச்சை செய்துகொண்டால் திரும்ப ஆட ஒன்பது மாதமாவது வேண்டும். 15 வயதில் ஒன்பது மாதம் என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

காயத்தைக் குறைப்பதற்கென்றே உருவாக்கிய ‘ஃபிஃபா 11+’ வார்ம்-அப்பை அவள் குழு செய்கிறதா? 20 நிமிட வேலை. ஓட்டம், வலுவும் சமநிலையும், மறுபடி வேகமான ஓட்டம். வாரம் இரண்டு முறையாவது வேண்டும். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்து 2008-இல் வெளியான ஆய்வில் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. பயிற்சியாளர் நேரமில்லை என்றால் விடாமல் கேளுங்கள். இடம் மாற்றச் சொல்லிச் சண்டை போடுவதைவிட இதற்குப் போடலாம்.

தனியாகவும் பழகலாம். களைப்பதற்கு முன், பயிற்சியின் தொடக்கத்தில். பத்து மீட்டர் ஓடி, கூம்பு அருகே மூன்று குட்டை அடிகளில் நிற்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பந்தே வேண்டாம், முக்கால் வேகம் போதும். பிறகு நின்றதும் இடமும் வலமும் திரும்புவது. அதன் பிறகே எதிரில் ஒருத்தி பந்தோடு. பழக்கமில்லாத காலை முன்வைத்தும் அதே எண்ணிக்கை செய்ய வேண்டும். பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் தாண்டிப் போகிறார்கள்.

முன்னால் ஆடுவதா என்று கேட்டிருந்தீர்கள். இந்த சீசன் முடியட்டும், அவளிடமே கேளுங்கள். அடுத்த ஆட்டத்தில் வாயைத் திறக்காமல், அவளுடைய கடைசி நான்கு அடிகளை மட்டும் பாருங்கள்: எந்தக் கால் முன்னால் வருகிறது, முழங்கால் பாதத்துக்கு நேராக இருக்கிறதா, உள்ளே சரிகிறதா என்று.