பாதியில் பறித்த கார்ட்டூன்

கேள்வி: எனக்கு 32 வயது. புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறோம். கணவர் லொறி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. மகனுக்கு எட்டு வயது. சுவிஸில் இருக்கும் என் தம்பி அனுப்பிய போனில் அம்மம்மா அவனுக்கு பேட்மேன் கார்ட்டூன் போட்டுக் கொடுத்துவிட்டா. அதில் பேட்கேர்ள் என்ற பெண் உயரத்திலிருந்து கார் மேல் விழுந்து சாகிறாள். அன்றிலிருந்து இரவில் கத்தி எழும்புகிறான். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறேன். அவள் விழுந்ததுமே போனைப் பறித்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். “அந்த அக்கா செத்துப் போயிட்டாவா?” என்று கேட்டான், கண்டதையும் கதைக்காமல் படு என்று ஏசினேன். இப்படியான படங்களைச் சின்னப்பிள்ளைகளுக்கு ஏன் எடுக்கிறார்கள்? அம்மாவுக்கு எப்படிச் சொல்லி விளங்கவைப்பது?

பதில்: தங்கச்சி, முதலில் அம்மாவை விடுங்கள். கார்ட்டூன் என்றால் பிள்ளைகளுக்குத்தான் என்று அந்த மனுசி நினைத்ததில் என்ன அதிசயம்? படித்த ஆட்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் கேட்க வேண்டியது உங்களிடம். பறித்துப் பூட்டினேன் என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டீர்களே, எனக்கு அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

உங்கள் மகன் பார்த்தது 1998இல் வந்த ‘ஓவர் தி எட்ஜ்’ என்ற பகுதியாகத்தான் இருக்க வேண்டும். பேட்கேர்ள் வேறு யாருமில்லை, பொலிஸ் ஆணையாளரின் மகள். தகப்பனுக்குத் தெரியாமல் முகமூடி போட்டுக்கொண்டு திரிகிறவள். ஸ்கேர்குரோ என்ற வில்லனோடு மோதும்போது உயரத்திலிருந்து விழுகிறாள், விழுவதும் தகப்பன் வந்த பொலிஸ் காரின் மேலேயே. இது தன் மகள் என்பது சாகும்போதுதான் அவருக்குத் தெரிகிறது. பேட்மேனால்தான் இவ்வளவும் என்று அவனை வேட்டையாடக் கிளம்புகிறார். சரி, கடைசியில் என்ன நடக்கிறது தெரியுமா? அவ்வளவும் கனவு. வில்லன் விட்ட பயவாயுவில் மயங்கிக் கிடந்த பெண் கண் விழித்து எழும்புகிறாள். பிறகு தகப்பனிடம் போய் எல்லாவற்றையும் சொல்ல வாயெடுக்கிறாள். அவர் சொல்ல விடவில்லை. நீ வளர்ந்த பிள்ளை, உன் முடிவை எடுக்க உனக்குத் தெரியும் என்கிற மாதிரிப் பேசி நிறுத்திவிடுகிறார். அவருக்கு முன்பே தெரியும் போலத்தான் எனக்குப் பட்டது.

இதில் ஒன்றையும் உங்கள் பிள்ளை பார்க்கவில்லை. அவனைப் பொறுத்தவரை அந்த அக்கா இன்னும் காரின் மேல்தான் கிடக்கிறா. உயிரோடு இருக்கிறாவா என்று வாய்விட்டுக் கேட்டும் விட்டான், அதற்கும் ஏச்சுத்தான் கிடைத்தது. அவனுடைய தகப்பனும் இரவில் வாகனத்தோடு வெளியே நிற்கிறவர் என்பதையாவது யோசித்தீர்களா?

படத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அந்த பேட்மேன் வரிசை 1992இல் தொடங்கியபோது பின்னணிக் காட்சிகளைக் கறுப்புத் தாளில் வரைந்தார்கள். இருட்டிலிருந்துதான் படமே தொடங்குகிறது. கதாநாயகனே சின்ன வயதில் தாய் தகப்பன் சுடப்பட்டுச் சாவதைக் கண்ணால் கண்டவன். அதையும் பிள்ளைகளுக்கான நேரத்தில்தான் ஒளிபரப்பினார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பகுதி எட்டு வயதுக்கு வேண்டாம். கனவு என்பது கடைசியில்தான் தெரியவருகிறது, அதுவரை அந்தப் பயத்தை அவ்வளவு சின்னப் பிள்ளை தனியே தாங்காது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பார்க்கட்டும்.

ஆனால் பயமே தெரியாமல் பிள்ளை வளர்க்கிற ஊரா இது? வன்னிப் பள்ளிக்கூடங்களில் மிதிவெடியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் காட்டி, தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல்லு என்று ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார்கள். பிள்ளைகள் பயந்தார்கள்தான். பயந்த பிறகு என்ன செய்வது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மகனுக்கு அதைச் சொல்ல ஆளில்லை.

உங்களுக்கு 32 வயது. 2009இல் எத்தனை வயதில் இருந்திருப்பீர்கள் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தெரியும், எங்கே இருந்தீர்கள் என்று கேட்கமாட்டேன். அந்த நேரத்தில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னதெல்லாம் பார்க்காதே, கதைக்காதே, நட என்பதுதான். அன்றைக்கு அது தேவைப்பட்டது. இன்றைக்கு உங்கள் வீட்டு விறாந்தையில், ஒரு கார்ட்டூனுக்கு, அதே குரலில் ஏன் ஏசுகிறீர்கள்? எங்கள் வீடுகளில் மாலை போட்ட படத்தைக் காட்டிப் பிள்ளை எதையாவது கேட்டால், பிறகு சொல்கிறேன் என்கிறோம். அந்தப் ‘பிறகு’ வருவதேயில்லை. பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்வது தாயின் கடமை, அதை அம்மனிடம் ஒப்படைக்க முடியாது. நேர்த்தியை நான் குறை சொல்லவில்லை, கட்டாயம் செய்யுங்கள்.

இன்னொன்று. இது கணவருக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. களைத்து வருகிற மனுசனுக்கு ஏன் என்று மறைக்கிறீர்கள் போலிருக்கிறது. தகப்பனுக்குத் தெரியாமல் பிள்ளை வளர்ப்பதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ளமாட்டேன். லொறி வந்து நிற்கிற அன்றே, அவர் சாப்பிட்டு முடிந்ததும் சொல்லுங்கள். அப்புறம் மகனை நடுவில் இருத்தி முதலில் முடிவை வாயால் சொல்லுங்கள்: அந்த அக்கா சாகவில்லை, அது கெட்ட கனவு, எழும்பித் தகப்பனிடம் போனா. அவன் பார்க்க விரும்பினால் அலுமாரியைத் திறந்து மிச்சத்தை மூன்று பேருமாகப் பாருங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அதற்குப் பிறகும் பல நாட்களாகக் கத்தி எழும்பினால், வெட்கப்படாமல் ஆஸ்பத்திரியில் உளநல வைத்தியரிடம் காட்டுங்கள்.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். படம் போட்டுக் கொடுத்தால் முடியும் வரை பக்கத்தில் இருங்கோ என்று சொல்லுங்கள், போதும். நீங்கள் வீட்டில் நிற்கிற நேரத்தில் அந்த வேலை உங்களுடையது.