மேட்ச் பார்ப்பது ஒரு படிப்பா?

விளையாட்டு ஊடகம், விளையாட்டுத் தகவல் தொடர்பு சம்பந்தமான படிப்புகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. பெரும்பாலும் 'வர்ணனையாளர் ஆவது எப்படி' ரகம். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். பெயர் போடாதீர்கள் என்று பலர் கேட்டதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்தான்.

பிளஸ் டூ காமர்ஸ் முடிக்கப் போகிறேன். விளையாட்டு ஊடகம்தான் படிக்க ஆசை. வீட்டில் பி.காம். சேரச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரியில் இந்தப் பட்டம் இருக்கிறது?
– மாணவி, திண்டுக்கல்

பட்டத்தின் பெயரில் 'ஸ்போர்ட்ஸ்' இருந்தே ஆக வேண்டும் என்று தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். இங்கே இந்தத் துறையில் இருப்பவர்கள் பெரும்பாலும் விஸ்காம், ஜர்னலிசம், மாஸ் கம்யூனிகேஷன் வழியாக வந்தவர்கள், இன்ஜினீயரிங் முடித்துவிட்டு எட்டிக் குதித்தவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் இளநிலையில் பொதுவான ஊடகப் படிப்பே போதும். கேமரா, எடிட்டிங், ஊடகச் சட்டம், பேட்டி எடுப்பது, பிழையில்லாமல் எழுதுவது, இதெல்லாம் அரசியல் செய்திக்கும் கால்பந்துக்கும் ஒன்றுதான். இருபது வயதில் உங்கள் ஆசை வேறு பக்கம் திரும்பினாலும் படித்தது வீணாகாது.

சென்னையில் லயோலா, எம்.ஓ.பி. வைஷ்ணவ், கோவையில் பி.எஸ்.ஜி. கலைக் கல்லூரி என்று ஊடகப் படிப்புக்குப் பெயர் பெற்ற இடங்கள் இருக்கின்றன. முதுநிலைக்கு மதராஸ் பல்கலைக்கழக இதழியல் துறை, அண்ணா பல்கலையின் எலக்ட்ரானிக் மீடியா, நெல்லை மனோன்மணியம் சுந்தரனார், மதுரை காமராசர், கோவை பாரதியார். தரமணி ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் இருப்பது ஓராண்டு முதுநிலை டிப்ளமோ, பட்டம் அல்ல, பாடம் ஆங்கிலத்தில். மேலக்கோட்டையூரில் இருக்கிற உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்திலும் புனே சிம்பயோசிஸிலும் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் படிக்கலாம். ஆனால் அது போட்டி நடத்துவது, ஸ்பான்சர் பிடிப்பது, அணியை நிர்வகிப்பது என்ற பக்கம். எழுதுவதும் படம் பிடிப்பதும் அங்கே பிரதானம் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு சேர்ந்துவிட்டு ஒரு வருஷம் கழித்து முழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். எடிட்டிங் லேப் மாணவர்களுக்கு எத்தனை மணி வரை திறந்திருக்கும், வளாக வானொலி உண்டா (அண்ணா பல்கலையின் அண்ணா எஃப்.எம். 2004இலிருந்து ஓடுகிறது), மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எங்கே இன்டர்ன்ஷிப் போகிறார்கள் என்று அங்கே படிக்கிறவர்களிடமே கேளுங்கள்.

அப்புறம், அந்த பி.காம். அவ்வளவு மோசமான யோசனை இல்லை! வீட்டில் பிடிவாதமாக இருந்தால் சேர்ந்துவிடுங்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் என்பது ஆண்டறிக்கை வெளியிடுகிற ஒரு நிறுவனம். அதில் டிக்கெட் வருமானம் எவ்வளவு, ஒளிபரப்புப் பங்கு எவ்வளவு என்று படித்துப் புரிந்து தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. எழுத்தையும் எடிட்டிங்கையும் பக்கத்திலேயே கற்றுக்கொண்டு போனால் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.

கிரிக்கெட் ஆடியதே இல்லை. தமிழ் வர்ணனையாளர் ஆக முடியுமா?
– வாசகர், கும்பகோணம்

முடியும், ஆனால் எந்த நாற்காலி என்று தெரிந்துகொண்டு போங்கள். தமிழில் வர்ணனை என்றால் ஒரு காலத்தில் வானொலிதான். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரலில் மேட்ச் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்த பிறகு நிலைமை மாறியது. பத்ரிநாத், பாலாஜி, ஹேமங் பதானி, அபினவ் முகுந்த், சடகோபன் ரமேஷ் என்று முன்னாள் வீரர்கள் வரிசையாக வந்தார்கள். இவர்கள் உட்காருவது நிபுணர் நாற்காலியில். பந்து ஏன் அப்படித் திரும்பியது என்று சொல்வது அவர்கள் வேலை. அதற்கு நீங்கள் போட்டி போடவே முடியாது. ஆனால் ஆட்டத்தை நடத்திச் செல்கிறவர், நிகழ்ச்சியைத் தொகுக்கிறவர் என்று வேறு இடங்கள் இருக்கின்றன. பாவனா, ஆர்.ஜே.பாலாஜி இருவரும் கிரிக்கெட் ஆடி வந்தவர்கள் இல்லை. டி.வி.யும் ரேடியோவும் பேசக் கற்றுக்கொடுத்து அனுப்பியவர்கள்.

பயிற்சிக்கு காசு வேண்டாம். டி.வி. சத்தத்தை நிறுத்திவிட்டு ஐந்து ஓவருக்கு நீங்கள் பேசி ஃபோனில் பதிவு செய்யுங்கள். முதலில் வானொலிக்குப் பேசுவதுபோல, ஃபீல்டர் எங்கே நிற்கிறார், பவுலர் எந்த முனையிலிருந்து வருகிறார், ஸ்கோர் என்ன, எல்லாவற்றையும் சொல்லி. அடுத்து டி.வி.க்குப் பேசுவதுபோல, திரையில் தெரிவதைத் திரும்பச் சொல்லாமல். இரண்டாவதுதான் கஷ்டம், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடம் தெரிய வேண்டும். மறுநாள் காலையில் போட்டுக் கேளுங்கள். சகிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான். இன்னொன்று, பிராந்திய மொழி வர்ணனை பெரும்பாலும் மைதானத்தில் நடப்பதில்லை, ஸ்டுடியோவில் திரையைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். அதனால் நீங்கள் வீட்டில் செய்கிற பயிற்சிக்கும் உண்மையான வேலைக்கும் நீங்கள் நினைக்கிற அளவு தூரம் இல்லை.

உங்கள் பக்கத்து ஊரில் கபடிப் போட்டி நடந்தால் மைக் பிடிக்கிற அண்ணனுக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். விடிய விடியக் கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்கிற வித்தையை எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தருவதில்லை.

வர்ணனை மட்டும்தான் வேலை என்றும் நினைக்க வேண்டாம். மைதானத்தில் நிற்கிற ஒளிபரப்பு வண்டியான ஓ.பி. வேனுக்குள் ரீப்ளே ஓட்டுகிற ஈ.வி.எஸ். ஆபரேட்டர், கிராஃபிக்ஸ் போடுகிறவர், புள்ளிவிவரம் எடுத்துக்கொடுக்கிறவர், இவர்கள் எல்லாம் இல்லாமல் ஒரு ஓவர்கூட ஒளிபரப்பாகாது. இந்த வேலைகளுக்கு முகமும் குரலும் தேவையில்லை. அதனாலேயே போட்டியும் குறைவு.

என் மகன் நாள் முழுக்க மேட்ச் பார்க்கிறான். இந்தப் படிப்புக்கு அதுவே தகுதி ஆகிவிடுமா?
– தந்தை, விருதுநகர்

ஆகாது சார். பார்த்து முடித்ததும் முந்நூறு வார்த்தையில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதினால் நாம் பேசலாம். எழுந்து போய்விட்டால் அவர் ரசிகர், அதுவும் நல்ல விஷயம்தான்.

யூடியூபில் ஐ.பி.எல். அலசல் சேனல் வைத்திருக்கிறேன். இருபது விநாடி கிளிப் போட்டதற்கு காப்பிரைட் ஸ்டிரைக் (பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை) வந்துவிட்டது. விமர்சனத்துக்காகப் பயன்படுத்தலாம் என்று சட்டம் இருக்கிறதே?
– மாணவர், ஈரோடு

இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் ஓரளவு இடம் தருகிறது. ஆனால் அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதைக் கோர்ட்டில் நின்றுதான் சொல்ல வேண்டும், யூடியூப் அதுவரை காத்திருக்காது. 90 நாளுக்குள் மூன்று ஸ்டிரைக் என்றால் சேனலே போய்விடும். எதிர்த்தரப்பின் கணக்கையும் பாருங்கள். 2023 முதல் 2027 வரையான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 2022 ஜூன் ஏலத்தில் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. 410 மேட்ச் என்று வகுத்தால் ஒரு மேட்சுக்கு 118 கோடி. அவ்வளவு கொடுத்தவர்கள் இருபது விநாடியைக்கூட விட மாட்டார்கள்.

போட்டோவுக்கும் இதே கதைதான், கூகுளில் கிடைப்பதெல்லாம் ஏதோ ஓர் ஏஜென்சியுடையது. ஃபீல்டிங் அமைப்பை நீங்களே வரைந்து காட்டுங்கள், ஸ்கோர்கார்டை வைத்துப் பேசுங்கள். 2021இல் ஆஸ்திரேலியாவில் தொடரை வென்று வந்த பிறகு அஸ்வின் தன் சேனலில் ஃபீல்டிங் கோச் ஸ்ரீதரோடு உட்கார்ந்து பேசிய வீடியோக்களைப் பாருங்கள். அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்ட பிறகு அணிக்குள் என்ன நடந்தது என்ற பேச்சுதான் அங்கே சரக்கு. 'அஸ்வினுக்கு ஸ்ரீதர் கிடைப்பார், எனக்கு யார் கிடைப்பார்?' என்று கேட்பீர்கள். ஈரோட்டில் டிவிஷன் லீக் ஆடுகிற லெக் ஸ்பின்னர் கிடைப்பார். கூக்ளியைப் பற்றி அவரிடமும் அரை மணி நேரத்துக்கு விஷயம் இருக்கும்.

எல்லாம் கிரிக்கெட்தானா? எனக்குத் தடகளமும் செஸ்ஸும்தான் பிடிக்கும். எதிர்காலம் உண்டா?
– மாணவி, நாமக்கல்

இந்தக் கடிதத்துக்குத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டேன். உண்டு, அதுவும் கிரிக்கெட்டைவிடச் சீக்கிரம் உங்கள் பெயர் வெளியே தெரியும். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஹாக்கி, 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நாலு ஊரில் கேலோ இந்தியா, 2025 இறுதியில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி. இந்த அளவிலான போட்டி என்றால் மீடியா சென்டர் இருக்கும், மிக்ஸட் ஸோன் இருக்கும். வீரர் களத்தை விட்டு வெளியே வரும்போது நிருபர்கள் நின்று கேள்வி கேட்கிற கம்பித் தடுப்புதான் மிக்ஸட் ஸோன். அங்கே அவர் சொன்னதை இரண்டு வரியாக உடனே அடித்து எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பும் வேலைக்கு ஃப்ளாஷ் கோட்ஸ் என்று பெயர். ஒலிம்பிக்ஸிலேயே இந்த வேலைக்கு மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அடுத்து எது வந்தாலும் தன்னார்வலராகப் பெயர் கொடுத்துவிடுங்கள்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது, அவர் யார், எங்கே படித்தார், எவ்வளவு பரிசு என்றெல்லாம் பக்கம் பக்கமாக வந்தது. கடைசி ஆட்டத்தில் டிங் செய்த தவறு என்ன, யானையை எங்கே வைத்ததால் ஆட்டம் போனது என்று செஸ் தெரியாதவருக்கும் புரியும்படி தமிழில் எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நீங்கள் எழுதலாமே. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வாங்கிய பிறகு அந்த ஊருக்கு வேன் வேனாக மீடியா போனது, அதற்கு முன்னால் எத்தனை பேர் போயிருந்தோம்?

இன்னும் கீழே இறங்கி வந்தால், மாவட்டத் தடகளப் போட்டி முடிந்ததும் பத்திரிகைகளுக்கு எப்படிச் செய்தி வருகிறது தெரியுமா? கையால் எழுதின ஒரு தாளை யாரோ ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். இனிஷியல் இருக்காது, நேரம் இருக்காது, இரண்டாவது வந்த பெண்ணின் பள்ளிக்கூடம் இருக்காது. அப்படியே டெஸ்க்கில் கிடந்து செத்துப்போகும். விளையாட்டுத் தகவல் தொடர்பு என்று பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்திருப்பதன் அடிப்படை இதைச் சரி செய்வதுதான். நாமக்கல்லில் முதலமைச்சர் கோப்பை மாவட்டப் போட்டி நடக்கும்போது சங்கச் செயலாளரிடம் போய் 'ரிசல்ட்டை நான் டைப் பண்ணித் தரட்டுமா சார்' என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. ஒரு சீசன் அப்படிச் செய்தால் மாவட்டத்திலுள்ள எல்லா நிருபர் நம்பரும் உங்களிடம் இருக்கும், உங்கள் நம்பரும் அவர்களிடம் இருக்கும்.

ஆறு மாத 'ஸ்போர்ட்ஸ் பிரசென்டர்' டிப்ளமோ, 100 சதவீத வேலை உத்தரவாதம், கட்டணம் லட்சங்களில். சேரலாமா?
– வாசகர், ஆவடி

போன பேட்ச்சில் படித்த மூன்று பேரின் நம்பரை அவர்களிடம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். கொடுத்தால் அந்த மூவரிடமும் பேசி, என்ன வேலை, சம்பளச் சீட்டு வருகிறதா என்று விசாரியுங்கள். உத்தரவாதத்தை எழுத்தில் தரச் சொன்னால் சிரிப்பார்கள்.

இங்கிலாந்தில் ஸ்போர்ட்ஸ் ஜர்னலிசம் எம்.ஏ. இடம் கிடைத்திருக்கிறது. அப்பா வீட்டை அடமானம் வைக்கத் தயார். போகலாமா?
– பட்டதாரி, திருச்சி

வாழ்த்துகள், ஆனால் வீட்டை வைக்காதீர்கள். படிப்பு தரமானதுதான். வெம்பிளி மைதானத்திலேயே வகுப்பு நடத்துகிற யு.சி.எஃப்.பி. என்ற கல்வி நிறுவனம், 2012 ஒலிம்பிக்ஸின் மீடியா சென்டராக இருந்த வளாகத்தில் இயங்குகிற லஃபரோவின் லண்டன் கிளை என்று கேட்டாலே ஆசை வரும். இதழியல் படிப்புகளில் என்.சி.டி.ஜே. என்ற அமைப்பின் அங்கீகாரத்துக்கு அங்கே நல்ல மதிப்பு, நிமிஷத்துக்கு 100 வார்த்தை ஷார்ட்ஹேண்ட் வரை சொல்லித் தருவார்கள். ஆனால் அந்தப் பாடத்திட்டம் அந்த நாட்டு உள்ளூர்ப் பத்திரிகைக்கும் கால்பந்து கிளப்புக்கும் ஆள் தயார் செய்வதற்காகப் போடப்பட்டது. அவர்கள் ஊர் அவதூறுச் சட்டத்தை மனப்பாடம் செய்து வந்து சேப்பாக்கத்தில் என்ன செய்வது?

அங்கேயே வேலை பார்த்துக் கடன் அடைக்கலாம் என்றால் விசா இறுகிக்கொண்டே வருகிறது. படிப்பு முடிந்து தங்குகிற இரண்டு வருஷம், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பதினெட்டு மாதம்தான். வேலை விசாவுக்கான பொதுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டு ஆகிவிட்டது. புதிதாகச் சேர்பவர்களுக்குச் சலுகை உண்டு என்றாலும் உள்ளூர்ப் பத்திரிகைகளில் தொடக்கச் சம்பளம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் சொல்வது, இங்கே இரண்டு வருஷம் வேலை பாருங்கள். பிரிட்டிஷ் அரசின் செவ்னிங் உதவித்தொகைக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள், கிட்டத்தட்ட அதே இரண்டு வருஷம்தான். கிடைத்தால் கட்டணம், விமானம், தங்குமிடம் எல்லாம் அவர்கள் செலவு, முடித்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்பது நிபந்தனை. கிடைக்காவிட்டாலும் வீடு இருக்கும்.

மகளுக்கு இந்தத் துறையில் வேலை கிடைத்திருக்கிறது. ராத்திரி வேலை என்கிறாள். பயமாக இருக்கிறது.
– ஓர் அம்மா, சேலம்

ராத்திரி வேலைதான் அம்மா, மறைக்க ஒன்றுமில்லை. ஐ.பி.எல். ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கி முடியவே பதினொன்றரை ஆகிவிடும். தொலைதூர ஊர்களுக்குப் போகிற டாக் எடிஷன் அதற்கு முன்பே அச்சுக்குப் போய்விடும் என்பதால் பாதி ஆட்டத்திலேயே ஒரு செய்தி எழுத வேண்டும், முடிந்ததும் முழுச் செய்தி, பிறகு பேட்டி. வெப்சைட் வேலை என்றால் ஐரோப்பியக் கால்பந்து விடிகாலை வரை இழுக்கும். ஞாயிறு, பொங்கல், தீபாவளி எதற்கும் லீவு உறுதியில்லை. இதையெல்லாம் தெரிந்துதான் உங்கள் மகள் சேர ஆசைப்படுகிறார் என்றால் தடுக்க வேண்டாம். வேறு மாதிரி உதவுங்கள். இரவில் வீடு வரை வண்டி உண்டா, வெளியூர் மேட்சுக்கு அனுப்பினால் தங்கும் இடத்தை யார் பார்ப்பார்கள், பாலியல் தொந்தரவு என்றால் புகார் சொல்ல அலுவலகத்திலேயே உள்ளகக் குழு இருக்கிறதா, இந்த மூன்றையும் சேர்வதற்கு முன்பே ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்கச் சொல்லுங்கள். ஃபோனில் கேட்க வேண்டாம், பதில் எழுத்தில் இருக்கட்டும்.