குத்துச்சண்டையிலிருந்து நரம்பியலுக்கு: முதலில் கடனா, படிப்பா?

கேள்வி: பள்ளி நாட்களில் மாநில அளவில் குத்துச்சண்டை போட்டவள் நான். வயது 25. தனியார் கல்லூரியில் எம்பிபிஎஸ் முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். கல்விக் கடன் 12 லட்சம், வட்டி 10%. எஃப்டியில் 4 லட்சம் இருக்கிறது. எங்கள் கிளப் அண்ணன் ஒருவருக்கு முப்பது வயதிலேயே பேச்சு குழறுகிறது. அவரைப் பார்த்துத்தான் நரம்பியல் ஆசை வந்தது. அப்பாவோ, "ரெண்டு வருஷம் டியூட்டி டாக்டரா இருந்து கடனை அடை, அப்புறம் படி" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: அப்பாவின் பயம் நியாயம்தான், ஆனால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. முதுநிலைப் படிப்பான எம்டி மூன்று ஆண்டு, அதற்குமேல் நரம்பியலுக்கான டிஎம் மூன்று ஆண்டு. இப்போதே சேர்ந்தாலும் வயது 31, 32 ஆகிவிடும். இன்று தள்ளிப்போடும் இரண்டு வருடம், கடைசியில் நரம்பியல் நிபுணராகச் சம்பாதிக்கும் இரண்டு வருடத்தைத் தின்றுவிடும்.

கடனைத் தூங்கவும் விடாதீர்கள். எஃப்டி உங்களுக்கு 7% தந்தாலும், வங்கி உங்களிடம் 10% வாங்குகிறது. 2.5 லட்சத்தைக் கடனில் கட்டிவிட்டு, 1.5 லட்சத்தை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதி 9.5 லட்சத்துக்கு மாத வட்டி சுமார் 7,900 ரூபாய். விடுதியில் இருந்தால் உதவித்தொகையிலேயே கட்டலாம். தவணை தொடங்கும்வரை வட்டியை ஒழுங்காகக் கட்டுபவர்களுக்குப் பல வங்கிகள் 1% சலுகை தருகின்றன, கிளையில் கேளுங்கள். அப்புறம் 15 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 10,200 ரூபாய். அரசுக் கல்லூரி முதுநிலை மாணவரால் சமாளிக்க முடிகிற தொகைதான். அரசு இடம் கிடைக்காமல், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இன்னொரு பெரிய கடன் வாங்க வேண்டியிருந்தால், என் பதில் மாறும். அதைவிட, ஒரு வருடம் வேலை பார்த்துக்கொண்டே மறுபடி முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதலாம்.

வட்டிக்கான வரிக் கழிவை நினைத்து இப்போது மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பழைய வரி முறையில்தான் அது உண்டு. உங்கள் வருமானத்துக்கு வரியே வராது.

ஒன்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். கடனுக்கு அப்பா கையெழுத்துப் போட்டிருப்பார், இல்லையா? உங்களுக்கு ஏதாவது ஆனால் சுமை அவர் தலையில். 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு, எடுங்கள். ரிங்கில் மயங்கி விழுந்ததுண்டா, ஸ்கேன் எடுத்ததுண்டா, எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். மறைத்தது முதல் மூன்று ஆண்டுக்குள் தெரியவந்தால் இழப்பீட்டை மறுக்க நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. முகவர் "இல்லை" என்று டிக் அடித்துக்கொண்டே போவார். அந்தப் பக்கத்தை மட்டும் வாங்கி நீங்களே நிரப்புங்கள்.