புகார் கொடுத்தால் இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்களா?

சென்னைக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: போன வருட ஸ்காலர்ஷிப் இன்னும் வரவில்லை. ஆபீசில் கேட்டால் "வரும்பா, வரும்" என்கிறார்கள். எழுதிக் கொடுத்தால் இன்டர்னலில் கை வைத்துவிடுவார்கள் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். யாரிடம் போவது?

இதே ஊரில் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில், மாணவர்களின் மனுக்கள் வந்து சேரும் மேசையில் வேலை பார்க்கிறேன். பயமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்காலர்ஷிப் உங்கள் வகுப்பாசிரியர் கையில் இருக்கும் விஷயமே இல்லை, அதை எழுதிக் கேட்பதால் அவருக்குக் கோபம் வரக் காரணமும் இல்லை. ஒரு ஆசிரியரைப் பற்றியே புகார் என்றாலும், தேதியோடு ஒரு மனு ஃபைலில் இருக்கும்போது அந்தப் பையனின் மார்க் திடீரென்று குறைந்தால் கேள்வி வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாயால் சொன்ன புகாருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அதனால் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு தபால் பிரிவுக்குப் போங்கள். ஒன்றை வாங்கி ரெஜிஸ்டரில் பதிந்து எண் போடுவார்கள். மற்றொன்றில் தேதி சீல் வைத்து, அந்த எண்ணையும் எழுதித் தரச் சொல்லுங்கள். "நீ போப்பா, நான் மேலே கொடுத்துடறேன்" என்றால் கிளம்பிவிடாதீர்கள், சீல் விழும் வரை நில்லுங்கள். ஆன்லைனில் போட்டால் பதிவு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

மனுவில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும். "நிர்வாகம் மாணவர்களைக் கண்டுகொள்வதில்லை" என்று மூன்று பக்கம் வரும் மனுவை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்றே எங்களுக்குத் தெரியாது. விடுதியைக் காலி செய்த ஒரு பெண், பணம் கட்டிய ரசீதின் நகலை இணைத்து, காலி செய்த தேதியைக் குறிப்பிட்டு, "என் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டுகிறேன்" என்று ஆறேழு வரியில் எழுதியிருந்தார். அது நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போனது, பணமும் வந்தது.

பதிலே வரவில்லை என்றால் அடுத்த படி மாணவர் குறைதீர்ப்புக் குழு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இது இருக்க வேண்டும், 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு சரியில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது மாணவர் குறைகளை விசாரிக்கும் நடுவரிடம், மேல்முறையீடு செய்யலாம். ஓய்வு பெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது முன்னாள் மாவட்ட நீதிபதியை இந்தப் பொறுப்பில் நியமிப்பார்கள். ஸ்காலர்ஷிப் தாமதம், ரிசல்ட் தாமதம், அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பது எல்லாம் இதில் அடங்கும். ஆனால் வெறும் மறுமதிப்பீடு கேட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போக முடியாது. விடைத்தாளைப் பார்க்க வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2011-லேயே உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைச் சொல்லிவிட்டது.

சில விஷயங்களுக்கு இந்த வரிசை பொருந்தாது. ராகிங் என்றால் உடனே 1800-180-5522. பாலியல் தொல்லை என்றால் உள்ளகப் புகார்க் குழு, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுப்பது முக்கியம். மனசு தாங்கவில்லை, தூக்கமில்லை என்றால் மனுவெல்லாம் அப்புறம், முதலில் 14416-க்குப் பேசுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. செமஸ்டர் முடிவில் வரும் ஃபீட்பேக் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டு ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு ஆய்வு செய்யும்போது ஃபீட்பேக் வாங்கினீர்களா, அதன் மேல் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள். லேபில் பாதி கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று வகுப்பில் பத்துப் பேர் எழுதியிருந்தால், அதை வைத்துத்தான் எங்களைப் போன்றவர்கள் நிதி கேட்க முடியும். தயவுசெய்து உள்ளதை எழுதுங்கள்.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். மனு எழுதும் முன் பேங்குக்கு ஒரு நடை போய், உங்கள் கணக்கில் ஆதார் இணைப்பு செயலில் இருக்கிறதா என்று கேளுங்கள். பணம் நேராக ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும், இணைப்பு இல்லாவிட்டால் கல்லூரி எல்லாம் சரியாக அனுப்பியிருந்தும் நின்றுவிடும். இணைப்பு சரியாக இருந்தால் பாஸ்புக் நகலையும் விண்ணப்ப எண்ணையும் மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.