ஒரு மாணவிக்காக ஒரு நிலையமா?

கேள்வி: ஜப்பானில் ஒரே ஒரு மாணவியின் படிப்பு முடியும் வரை ஒரு கிராமத்து ரயில் நிலையத்தை மூடாமல் வைத்திருந்தார்களாமே! அரசு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்?

பதில்: கதை அழகாக இருக்கிறது, அதனால்தான் அதைப் பகிர்ந்தவர்கள் யாரும் கால அட்டவணையைப் புரட்டவில்லை. சீன அரசுத் தொலைக்காட்சி 2016 ஜனவரியில் முகநூலில் இட்ட பதிவு, ஹொக்கைடோ தீவிலுள்ள காமி ஷிரடாக்கி நிலையத்தைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தது. அந்த மாணவி ரயிலேறியதோ இரண்டு நிலையங்கள் தள்ளியிருந்த கியூ ஷிரடாக்கியில். ஒரே ஊர்ப் பெயருக்கு முன்னால் மேல் (காமி), பழைய (கியூ), கீழ் (ஷிமோ) என்று அடைமொழி சேர்த்து மூன்று நிலையங்கள் இருந்ததால், இந்தப் பிழையைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

காரணத்தைத் தலைகீழாக்கியதுதான் பெரிய பிழை. அம்மூன்று நிலையங்களும் 2016 மார்ச் 26 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அட்டவணையோடு சேர்ந்தே மூடப்பட்டன. அந்நாட்டில் ரயில் அட்டவணை வழக்கமாக மாறுவதும் மார்ச்சில்தான், பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச்சில்தான். மாணவிக்காகவே பொறுத்திருந்தார்கள் என்றால், மற்ற இரண்டையும் அதே நாள் வரை திறந்து வைத்திருந்தது யாருக்காக?

கியூ ஷிரடாக்கியில் நாளொன்றுக்கு நான்கு வண்டிகள் நின்றன. பள்ளி இருந்த எங்காரு பக்கம் போவதற்குக் காலையில் ஒன்றே ஒன்று, திரும்பி வருவதற்கு மூன்று. அந்த ஒன்றைத் தவறவிட்டவருக்கு அன்று வேறு ரயில் இல்லை. இத்தகைய நிலையங்களில் சீட்டுக் கொடுக்கவும் ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை. பின்கதவு வழியாக ஏறி, அங்குள்ள இயந்திரம் நீட்டும் எண்ணிட்ட துண்டுச் சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். முன்புறப் பலகையில் அந்த எண்ணுக்குரிய கட்டணம் நிலையத்துக்கு நிலையம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது சீட்டையும் சில்லறையையும் ஓட்டுநருக்குப் பக்கத்திலுள்ள பெட்டியில் (நம் கோயில் உண்டியல் போலத்தான்) போட்டுவிட்டு இறங்க வேண்டும். வண்டியை ஓட்டுபவரும் அவரே, கட்டணத்தைச் சரிபார்ப்பவரும் அவரே.

ஆளை எடுத்துவிட்டு நிலையத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் சிக்கனம் இது. ஜப்பானிய நிலையங்களில் ஏறத்தாழப் பாதி இன்று இப்படித்தான் இருக்கின்றன. ஏற்றிவிட ஆளில்லாமல் நினைத்த நேரத்தில் பயணம் செய்ய முடியவில்லை என்று, ஓய்த்தா மாவட்டத்தில் சக்கர நாற்காலி பயன்படுத்துவோர் 2020இல் வழக்கே தொடுத்தார்கள். அந்தச் செய்தியை இங்கே எத்தனை பேர் பகிர்ந்தோம்?

அரசு என்று எழுதியிருக்கிறீர்கள். தேசிய ரயில்வே 1987இலேயே பிரிக்கப்பட்டு, அத்தீவின் தடங்கள் ஜேஆர் ஹொக்கைடோ நிறுவனத்திடம் போய்விட்டன. நீங்கள் மெச்சும் அந்த நிறுவனம், 2016 நவம்பரில், தன் தடங்களில் பாதியளவான ஏறத்தாழ 1,237 கிலோமீட்டரைத் தன்னால் மட்டும் தாங்க இயலாது என்று அறிவித்தது. காமி ஷிரடாக்கி போனபின், காமிகாவா நிலையத்துக்கும், அடைமொழி ஏதுமின்றி இன்னும் இயங்கும் ஷிரடாக்கி நிலையத்துக்கும் இடையே 37.3 கிலோமீட்டருக்கு ஒரு நிலையமும் கிடையாது. மூன்றில் ஷிமோ ஷிரடாக்கி மட்டும், ஒற்றைத் தடத்தில் எதிரெதிர் வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடும் இடமாகத் தப்பித்தது. வண்டி அங்கே நின்றாலும் பயணிக்காகக் கதவு திறப்பதில்லை.