பழைய எம்.டி. 90: அக்சிலேற்றரை விட்ட பிறகும் எஞ்சினின் வேகம் இறங்காதது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வேலணையிலிருந்து நாளாந்தம் யாழ்ப்பாண நகருக்கு ஓடும் பழைய ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள், எஞ்சின் சூடேறிய பிறகும் சோக்கை முழுதாக விலக்கினால் நின்றுவிடப் பார்க்கிறது; அக்சிலேற்றரை விட்டாலும் வேகம் உடனே இறங்காமல் சற்று நேரம் உயர்ந்தே நிற்கிறது; முழுதாகத் திருகினால் இடறுகிறது; கராஜில், காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். கீழே எழுதியிருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும் வரையாவது உதிரிப்பாகக் கடைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் சொன்ன மூன்று குறைகளும் ஒரே பக்கத்தைக் காட்டுகின்றன. சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெற்றோலின் விகிதத்தைக் கூட்டும் ஒரு தடுப்பு. அதைப் பாதி போட்டால் எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்றால், உள்ளே போகும் கலவையில் காற்று அதிகம் அல்லது பெற்றோல் குறைவு என்று பொருள். ஆகவே எங்கோ காற்று கள்ளமாக நுழைகிறது, இல்லையேல் எங்கோ பெற்றோல் தடைப்படுகிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னர் அக்சிலேற்றர் கேபிளைப் பாருங்கள், ஏனெனில் இது உயிரோடு தொடர்புடையது. வேலணையை யாழ்ப்பாணத்தோடு இணைக்கும் பண்ணைப் பாதையில் இருபுறமும் கடலை வைத்துக்கொண்டு நாளும் ஓடும் வண்டியின் கேபிள் உறைக்குள் உப்புக்காற்று ஏறித் துருப்பிடிப்பதில் வியப்பில்லை. எஞ்சினை ஓடவிட்டு ஹாண்டிலை இடது எல்லைக்கும் வலது எல்லைக்கும் திருப்புங்கள். அப்போது வேகம் கூடினால் கேபிள் இறுக்கமாக இருக்கிறது அல்லது தவறான வழியாகக் கொண்டுவரப்பட்டிருக்கிறது. கைப்பிடியில் 2 முதல் 6 மில்லிமீற்றர் வரை வெறுமையான ஆட்டம் இருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு முழுதாகத் திருகிக் கையை விட்டால், காபரேற்றருக்குள் காற்று வழியைத் திறந்து மூடும் சிலைட் இறங்கி 'டக்' என்று முட்டும் ஒலி கேட்க வேண்டும். ஒலி வராமல் மெதுவாக ஊர்ந்து திரும்பினால், காபரேற்றரின் மேல்மூடியைக் கழற்றிச் சிலைட்டை வெளியே எடுத்துக் கேபிளை மட்டும் இழுத்துப் பாருங்கள். பிடிப்பது கேபிளா சிலைட்டா என்பது அங்கேயே தெரிந்துவிடும். கைப்பிடிப் பக்கம் ஓரிரு இழைகள் அறுந்திருந்தால் எண்ணெய் விட்டுச் சமாளிக்காமல் கேபிளை மாற்றுங்கள். திரும்பச் சிலைட்டைப் போடும்போது அதன் வெட்டுப்பகுதி எயர் கிளீனர் பக்கம் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் அது முழுதாக இறங்காமல் எஞ்சின் அலறும்.

கேபிள் சரி என்றால், என் ஐயம் முழுவதும் காபரேற்றருக்கும், கலவையை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் இன்டேக் குழாய்க்கும் இடையிலுள்ள இணைப்பில்தான் விழுகிறது. கசிவை நிற்பாட்டுகிறோம் என்று எண்ணி அந்த இணைப்பின் இரண்டு நட்டுகளையும் கண்டபடி இறுக்குவதால், அலுமினியத் தட்டின் இரு காதுகளும் வளைந்து நடுப்பகுதி விலகிவிடும். மேலும் இறுக்கினால் மேலும் விலகும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீரைச் சிறிது தெளியுங்கள். வேகம் மாறினால் கசிவு அங்கேதான். சிலர் இதற்குப் பெற்றோலை விசிறுவார்கள். சூடான சைலன்சருக்கு அருகே அதைச் செய்யவே வேண்டாம். பிறகு காபரேற்றரைக் கழற்றி, அது குழாயோடு பொருந்தும் முகத்தை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் இடையில் நூலளவு ஒளிக்கீற்று தெரிந்தால் வளைவு உறுதி. நைசான அரத்தாளைக் கண்ணாடியில் விரித்து, முகம் முழுவதும் ஒரே மினுக்கம் வரும் வரை வட்டமாகத் தேய்த்து, புதிய ஓ-றிங் (இறப்பர் வளையம்) போட்டு, இரு நட்டுகளையும் மாறி மாறி அளவாக இறுக்குங்கள். அக்சிலேற்றரை விட்ட பிறகும் உயர்ந்து நிற்கும் குறையைப் பெரும்பாலும் இந்த ஒரு வேலையே தீர்க்கும்.

முழுதாகத் திருகும்போது இடறுவது வேறு கதை. பண்ணைப் பாதையின் நேரான பகுதியில் கவனித்துப் பாருங்கள்: திருகியவுடனேயே இடறினால், முழு வேகத்துக்குப் பெற்றோல் விடும் துளையான மெயின் ஜெற்றில் குறை; சிறிது தூரம் நன்றாக இழுத்துப் பிறகு இடறினால், காபரேற்றரின் அடிக் கிண்ணத்திலுள்ள பெற்றோல் தீர்ந்து புதியது வந்து சேரவில்லை. பின்னதற்குப் பெற்றோல் தாங்கி மூடியின் காற்றுத்துளையையும் பெற்றோல் திறப்பின் வடிகட்டியையும் பாருங்கள். மூடியைத் திறந்தவுடன் வண்டி சரியானால் துளை அடைபட்டிருக்கிறது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது நீண்ட நாள் ஓடாமல் நின்ற வண்டிகளில், தாங்கிக்குள் துருவும் காபரேற்றருக்குள் பிசினும் படிந்திருக்க இடமுண்டு. கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் செந்நிறத் தூளும், பெற்றோலோடு கலவாமல் முத்து முத்தாக உருளும் தண்ணீரும் தெரியலாம். மாரி காலத்தில் இது இன்னும் அதிகம். தாங்கியைக் கழுவாமல் காபரேற்றரை மட்டும் கழுவுவது வீண்வேலை.

ஜெற்றுகளை ஊசியாலோ உருக்குக் கம்பியாலோ குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை ஒருமுறை பெரிதானால் அளவு போய்விட்டது. காபரேற்றர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்து, வானத்துக்கு எதிரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கூடவே அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணையும் பாருங்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் கிடைக்காமல் எங்கள் ஊர் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்த காலம் அது. அக்காலத்தைக் கடந்து வந்த வண்டி என்றால், அதன் காபரேற்றரை எத்தனை பேர் பிரித்து எதை மாற்றினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எண் கைநூலில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் எவ்வளவு கழுவியும் பயனில்லை.

எந்தப் பாகத்தைச் சந்தேகிப்பது என்பதைக் கைப்பிடியின் நிலையே சொல்லும். எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை பைலட் ஜெற் என்னும் சிறிய பெற்றோல் துளையும் காற்றுத் திருகாணியும், அங்கிருந்து கால்வாசி வரை சிலைட்டின் வெட்டும், முக்கால் வரை சிலைட்டில் தொங்கும் ஊசியான நீடிலும், அதற்கு மேல் மெயின் ஜெற்றும் ஆட்சி செய்கின்றன. ஆகவே முழு வேகக் குறைக்குக் காற்றுத் திருகாணியைத் திருகிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. அதைக் கடைசியாகத் தொடுங்கள்: முழுதாக மூடி, ஏறத்தாழ ஒன்றரைச் சுற்று திறந்து, எஞ்சின் சூடான பிறகு நுணுக்கமாகச் சரிசெய்யுங்கள். திருகாணி எயர் கிளீனர் பக்கம் இருந்தால் உள்ளே திருகப் பெற்றோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருகக் கூடும்.

வால்வு இடைவெளியையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை அளந்துவிடுங்கள். எல்லாம் சரியான பிறகு சில நாள் ஓடி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதன் நுனியில் பிஸ்கட் நிறம் இருக்க வேண்டும்; வெளுத்திருந்தால் காற்று இன்னும் எங்கோ நுழைகிறது.

சிலைட் ஓடும் குழி தேய்ந்து, சிலைட் முன்பின்னாகக் கடகடவென்று ஆடினால் மட்டுமே புதிய காபரேற்றரைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், வாயின் விட்டம், ஜெற்றின் எண், சிலைட்டின் வெட்டு மூன்றையும் அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வாங்குங்கள்.